உள்ளீட்டுப் படிவத்தை ரத்து பட்டனிலிருந்து கட்டத் தொடங்குங்கள்

விண்டோஸ் சாளரங்களைக் கட்டும் மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பான வின்ஃபார்ம்ஸில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள். வாடிக்கையாளர் விவரத்தைச் சேர்க்கவும் திருத்தவும் அதில் ஒரு டயலாக் பெட்டி, அதற்குள் 23 கட்டங்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் ரத்து பட்டனைக்கூட அழுத்த முடியவில்லை என்கிறீர்கள். எப்படியோ ரத்து செய்து வெளியே வந்தாலும், பின்னால் இருக்கும் கிரிட்டில் (வாடிக்கையாளர் அட்டவணையில்) திருத்தியது திருத்தியபடியே நிற்கிறது. உங்கள் கணினியில் ஒழுங்காக இருக்கும் படிவம் கடைக்காரரின் லேப்டாப்பில் எழுத்தோடு எழுத்து இடித்துக்கொண்டு, சேமி பட்டன் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. கடிதத்தின் கடைசி வரியில் "இது வின்ஃபார்ம்ஸின் குறையா, டபிள்யூபிஎஃப்புக்கு மாறிவிடட்டுமா?" என்று, மைக்ரோசாஃப்டின் அதற்குப் பிந்தைய கருவித்தொகுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டும் ஒரே சிக்கலின் இரண்டு முகங்கள். டயலாக் பெட்டி பயனருக்கு என்ன வாக்குறுதி தருகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி. நான் பழைய தரவுத்தள மொழியான ஃபாக்ஸ்புரோவில் தொடங்கி, விஷுவல் பேசிக் 6 வழியாக டாட்நெட்டுக்கு வந்தவன். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் இதே மாதிரி படிவங்களைக் கட்டியே பல வருடம் போய்விட்டது. நடுவில் கொஞ்சம் கியூட்டியும் (பல இயங்குதளங்களுக்குப் பொதுவான இன்னொரு கருவித்தொகுப்பு) எழுதியிருக்கிறேன். மேக்கில் விற்பனைக்கென்று எதுவும் எழுதியதில்லை. அதனால் கீழே சொல்வதை விண்டோஸ்காரனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் திறக்க ஷோ டயலாக் என்ற கட்டளையை அழைத்த கணமே பின்னால் உள்ள சாளரங்கள் எல்லாம் பூட்டப்படுகின்றன. பயனர் பதில் சொல்லும்வரை வேறு எதையும் தொட முடியாது. ஒருவரை இப்படிக் கட்டிப்போடுகிறோம் என்றால், "வேண்டாம், விட்டுவிடு" என்று சொல்லி எந்த நிலையிலும் எதுவும் மாறாமல் வெளியேறும் வழியையும் அவருக்குத் தர வேண்டும். கடையில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பழைய வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்தப் பாதி தட்டியிருப்பார், கல்லாவில் ஒருவர் பில் கேட்டு நிற்பார், போன் வேறு அடிக்கும். அப்போது அவர் கை போவது எஸ்கேப் விசைக்கு. அந்த விசை வேலை செய்யவில்லை என்றால், அல்லது வேலை செய்ததுபோல் நடித்துவிட்டுப் பாதித் திருத்தத்தைச் சேமித்துவிட்டது என்றால், அப்புறம் அவர் உங்கள் மென்பொருளை நம்ப மாட்டார். அதனால் நான் எந்தப் படிவத்தைக் கட்டினாலும் முதலில் ரத்து பட்டனை வைத்து, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கட்டங்களை வைப்பேன்.

கிரிட்டில் மாற்றம் நிற்பதற்குக் காரணம், கிரிட் காட்டும் அதே பொருளையே டயலாக்கின் கட்டங்களோடும் பிணைத்திருக்கிறீர்கள். கட்டத்தில் மாற்றினால் மூலப் பொருளே மாறிவிடுகிறது. ரத்து செய்தால் பழையது திரும்புவதற்குப் பழையது எங்குமே இல்லை. டாட்நெட்டின் சொந்த அட்டவணையான டேட்டா டேபிளோடு பிணைத்திருந்தால் பைண்டிங் சோர்ஸின் கேன்சல் எடிட் கைகொடுக்கும், ஏனென்றால் அந்த வரிசைகள் திருத்தத்துக்கு முந்தைய மதிப்பைத் தாங்களே வைத்திருக்கும். நீங்களே எழுதிய சாதாரண கிளாஸுக்கு அந்த வசதி தானாக வராது. எளிய வழி ஒன்றுதான். டயலாக்கைத் திறக்கும் முன் வாடிக்கையாளரின் நகல் ஒன்றை எடுத்து அதை மட்டும் உள்ளே கொடுங்கள். ஓகே என்று பதில் வந்தால் நகலை மூலத்தின் இடத்தில் வையுங்கள், வேறு எந்தப் பதில் வந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மெம்பர்வைஸ் குளோன் மேலோட்டமான நகலைத்தான் எடுக்கும். வாடிக்கையாளருக்குள் டெலிவரி முகவரிகளின் பட்டியல் ஒன்று இருந்தால், நகலும் மூலமும் அதே பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலையும் தனியாக நகலெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷோ டயலாக்கில் திறந்த படிவத்தை மூடினால் அது அழிவதில்லை, மறைகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மூடிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் மதிப்புகளை உங்களால் படிக்க முடிகிறது. படித்து முடித்ததும் டிஸ்போஸ் செய்வது, அதாவது அது பிடித்திருக்கும் வளங்களை விடுவிப்பது, உங்கள் பொறுப்பு. முடிந்ததும் தானே விடுவிக்கும் யூசிங் தொகுதிக்குள் திறந்தால் மறக்க வழியில்லை. மேல் மூலையில் உள்ள எக்ஸ் குறியை அழுத்தினாலும் கேன்சல் என்றுதான் பதில் வரும், அதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

சரி, ரத்து பட்டனையே அழுத்த முடியாதது ஏன்? கட்டத்தை விட்டுப் போகும்போது மதிப்பைச் சோதிக்க வருவது வேலிடேட்டிங் நிகழ்வு. ஒவ்வொரு கட்டத்தின் அந்த நிகழ்விலும் மதிப்பு தவறென்றால் கேன்சல் என்பதை ட்ரூ ஆக்குகிறீர்கள். அதன் பொருள் "கர்சரை இங்கிருந்து நகர விடாதே" என்பது. ரத்து பட்டனுக்குப் போவதும் ஒரு நகர்வுதானே, அதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. பலரும் சொல்லும் மருந்து, ரத்து பட்டனின் காசஸ் வேலிடேஷனை ஃபால்ஸ் ஆக்குவது, அதாவது அதற்குப் போகும்போது சோதனை வேண்டாம் என்பது. அது தவறில்லை, செய்யுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். கர்சரைச் சிறை வைக்கும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது. டாட்நெட் 2.0 வந்ததிலிருந்து படிவத்துக்கு ஆட்டோ வேலிடேட் என்று ஒரு பண்பு இருக்கிறது. அதை எனேபிள் அலவ் ஃபோகஸ் சேஞ்ச் என்று வைத்தால் தவறு தவறாகவே குறிக்கப்படும், ஆனால் கர்சர் போக நினைக்கும் இடத்துக்குப் போகும். சேமி பட்டனை அழுத்தும்போது வேலிடேட் சில்ட்ரன் என்று ஒருமுறை அழைத்து எல்லாக் கட்டங்களையும் மொத்தமாகச் சோதியுங்கள். தேறவில்லை என்றால் மூடாதீர்கள்.

அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சேமி பட்டனின் டயலாக் ரிசல்ட் பண்பை டிசைனரிலேயே (படிவத்தை இழுத்து வரையும் இடத்திலேயே) ஓகே என்று வைத்துவிட்டால், உங்கள் சோதனை தோற்றாலும் படிவம் மூடிக்கொள்ளும். கிளிக் நிகழ்வுக்குள் படிவத்தின் டயலாக் ரிசல்ட்டை மறுபடி நன் (எதுவுமில்லை) என்று மாற்றினால்தான் அது திறந்தே நிற்கும். எனக்குப் பிடித்தது வேறு வழி. பட்டனில் எதையும் வைக்காமல், எல்லாம் தேறிய பிறகு கடைசி வரியில் படிவத்தின் ரிசல்ட்டை நானே ஓகே ஆக்குவேன். படிக்கிறவருக்கு எங்கே மூடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

தவறை எப்படிச் சொல்வது என்பதில் தயவுசெய்து மெசேஜ் பாக்ஸ் மழை பொழியாதீர்கள். எரர் புரொவைடர் அந்தந்தக் கட்டத்தின் பக்கத்தில் சின்னச் சிவப்புக் குறி போடும், மவுஸை வைத்தால் காரணம் சொல்லும். அந்தக் குறிக்கு வலப்பக்கம் இடம் விட்டு வையுங்கள், இல்லையென்றால் அடுத்த கட்டத்தின் மேல் ஏறி உட்காரும். மவுஸைத் தொடாதவர்களுக்குக் குறி மட்டும் போதாது. நான் படிவத்தின் அடியில் ஒரு வரி லேபிள் வைத்து முதல் தவறை வாக்கியமாக எழுதிக் காட்டி, கர்சரையும் அந்தக் கட்டத்துக்கு அனுப்பிவிடுவேன்.

எந்த நேரத்தில் சோதிப்பது என்பதில் கியூட்டி எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. அதில் மதிப்பைச் சோதிக்கும் வேலிடேட்டருக்குச் சரி, தவறு என்று இரண்டு நிலை கிடையாது. ஏற்கத்தக்கது, செல்லாதது, இடைநிலை என மூன்று. கடன் நாள் 30 முதல் 90 வரை என்று விதி வைத்திருந்தால், 45 தட்டப் போகிறவர் முதலில் 4 தட்டுகிறார். 4 விதிக்குள் இல்லை, ஆனால் தவறும் இல்லை, இன்னும் முடியவில்லை அவ்வளவுதான். தட்டத் தட்டச் சிவப்பாக்கும் படிவங்கள் இந்த இடைநிலையை மறந்தவை. வின்ஃபார்ம்ஸில் இந்த மூன்று நிலை கட்டமைப்பாக இல்லை. அதனால் தட்டும்போது சும்மா இருந்துவிட்டு, கட்டத்தை விட்டுப் போகும்போது குறி போட்டு, சேமிக்கும்போது கறாராக இருப்பதே போதும்.

உங்கள் நிரலில் போன் நம்பர் கட்டத்துக்கு கீ பிரஸ் நிகழ்வில் இலக்கங்களை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி வைத்திருக்கிறீர்கள். அநேகமாக எல்லோரும் எழுதும் வடிகட்டிதான், அநேகமாக எல்லோருக்கும் உடையும் இடமும் அதுதான். கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கு விலக்கு அளிக்காமல் எழுதினால் பேக்ஸ்பேஸும் கன்ட்ரோல் வி-யும் செத்துப்போகும். விலக்கு அளித்தால், ஒட்டுவதன் வழியாக எதுவும் உள்ளே வந்துவிடும். வலது கிளிக் செய்து ஒட்டினாலோ கீ பிரஸுக்குத் தகவலே வராது. வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டும் எண் +91 என்று தொடங்கும், நடுவில் இடைவெளி இருக்கும், கோடு இருக்கும். வருவதை வரவிடுங்கள். கட்டத்தை விட்டுப் போகும்போது + குறியையும் இடைவெளியையும் கோட்டையும் நீக்கி, முன்னால் 91 கூடுதலாக இருந்தால் வெட்டி, மொபைல் எண் என்றால் மிச்சம் 10 இலக்கமா, 6 முதல் 9 வரை உள்ள எண்ணில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தவறான வடிவத்தில் வந்த சரியான எண்ணைத் திருத்தும் வேலையைக் கணினி செய்யட்டும்.

இப்போது 23 கட்டங்களுக்கு வருவோம். நீங்கள் கொடுத்த பட்டியலில் மாநிலம், மாநிலக் குறியீடு, பான் எண், ஜிஎஸ்டி எண் என்று நான்கு தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்ணேதான்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஒரு எழுத்து. கடைசி எழுத்து முந்தைய 14-இலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து, தட்டச்சுப் பிழையைப் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொடுத்துவிடும். ஆக, ஜிஎஸ்டி எண் ஒன்றைத் தட்டினால் மற்ற மூன்றும் தானாக நிரம்பிவிடலாம். அதை முதல் கட்டமாகவே வையுங்கள். ஆனால் கட்டாயமாக்காதீர்கள். சில்லறை வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி எண் இருக்காது. கட்டாயமாக்கினால் கடைக்காரர் எதையாவது தட்டி நிரப்புவார், பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது உங்களைத் தேடி வருவார்.

பெயருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். எங்கோ மாதிரி நிரலிலிருந்து வந்திருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது, இன்ஷியல்தான். கடைசிப் பெயரில் அப்பா பெயரைப் போடுவதா, இன்ஷியலைப் போடுவதா, புள்ளியைப் போடுவதா என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். பெயர் என்று ஒரே கட்டம் வையுங்கள். பில்லில் அச்சாவது அதுதான்.

பெயரைத் தமிழிலும் தட்டலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் மேக்ஸ் லென்த்தை (கட்டம் ஏற்கும் எழுத்துகளின் உச்ச எண்ணிக்கையை) 20 என்று வைத்திருக்கிறீர்கள். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, டெக்ஸ்ட் பாக்ஸ் கணக்கில் 15. மெய்யும் புள்ளியும் தனி, உயிர்மெய்க் குறியும் தனி. பின்னால் ஒரு "அன் கோ" சேர்ந்தால் தட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். தரவுத்தளத்திலும் இதே கவனம் வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் வழக்கமான வார்கார் வகையில் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் என்வார்கார் வேண்டும். யுடிஎஃப் 8 குறியாக்கத்தில் பைட் கணக்கு பார்க்கும் தரவுத்தளமாக இருந்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போகும்.

தேடலில் இன்னொரு வம்பு இருக்கிறது. "கொ" என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. சேமிக்கும் முன் நார்மலைஸ் என்று ஒருமுறை அழைத்தால் இது தீர்ந்துவிடும். தீராதது ஒன்று உண்டு: கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டுவார்கள். அது யூனிகோட் பார்வையில் வேறு எழுத்துகள், நார்மலைஸ் தொடாது. நான் தேடலுக்கென்று தனியாக ஒரு மறைந்த நெடுவரிசை வைத்து அதில் மட்டும் இரண்டையும் ஒன்றாக மாற்றி வைக்கிறேன். இது என் ஏற்பாடு, எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழி என்று சொல்ல மாட்டேன்.

கட்டத்துக்கு ஏற்ப விசைப்பலகை மாறினால் பயனர் உங்களை வாழ்த்துவார். பெயர் கட்டத்தின் என்டர் நிகழ்வில் இன்புட் லாங்குவேஜைத் தமிழுக்கும், ஜிஎஸ்டி கட்டத்தில் ஆங்கிலத்துக்கும் மாற்றலாம். ஜிஎஸ்டி கட்டத்துக்கு கேரக்டர் கேசிங்கை அப்பர் என்று வைத்துவிடுங்கள். ஆனால் விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகை இல்லாமல் என்எச்எம் ரைட்டர் மாதிரியான தனி மென்பொருளில் தட்டுகிறவர்களுக்கு இந்த மாற்றம் உதவாது, அது தன் பாட்டில் தமிழையே போட்டுக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னை ஒருமுறை நன்றாகவே அடித்தது. என்டர் விசை. விண்டோஸ் வழக்கப்படி அடுத்த கட்டத்துக்குப் போக டேப், டயலாக்கை ஏற்றுக்கொள்ள என்டர். புத்தகப்படி நானும் சேமி பட்டனை அக்செப்ட் பட்டனாக (என்டர் அழுத்தினால் இயங்கும் பட்டனாக) வைத்து ஒரு இரும்புக் கடைக்குக் கொடுத்தேன். அங்கே கணக்கு பார்த்தவர் அதற்கு முன் வருடக்கணக்கில் ஃபாக்ஸ்புரோவில் தட்டியவர். ஃபாக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் என்டர் அழுத்தினால் அடுத்த கட்டம். கணக்கு மென்பொருளான டேலியிலும் அப்படித்தான். அவர் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினார், பெட்டி மூடிக்கொண்டது. பெயர் மட்டும்தான் கட்டாயம் என்பதால் பதிவும் ஆகிவிட்டது. என்னவோ ஆகிவிட்டது என்று மறுபடி திறந்து மறுபடி தட்டினார். ஒரு வாரம் கழித்துப் போனபோது பட்டியலில் முகவரி, போன் எதுவும் இல்லாத வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்றார்கள், சிலர் நான்கு முறை. அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் அவசரப்படுது" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு எழுதும் எந்தப் பதிவுப் படிவத்திலும் என்டரை அடுத்த கட்டத்துக்குத்தான் அனுப்புகிறேன். அக்செப்ட் பட்டனைக் காலியாக விட்டு, படிவத்தின் புராசஸ் கமாண்ட் கீ முறையை ஓவர்ரைடு செய்து, என்டர் வந்தால் செலக்ட் நெக்ஸ்ட் கன்ட்ரோலை அழையுங்கள். மூன்று விதிவிலக்கு: கர்சர் ஒரு பட்டன் மேல் இருந்தால் அதை அழுத்த விடுங்கள், பல வரி டெக்ஸ்ட் பாக்ஸில் இருந்தால் புது வரி போட விடுங்கள், காம்போ பாக்ஸின் பட்டியல் திறந்திருந்தால் தேர்ந்தெடுக்க விடுங்கள். கடைசிக் கட்டத்துக்குப் பிறகு என்டர் சேமி பட்டனுக்கு வந்து நிற்கும், இன்னொரு என்டர் சேமிக்கும். டேலி பழக்கத்துக்காக கன்ட்ரோல் ஏ அழுத்தினால் சேமிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் செய்வதில்லை. டெக்ஸ்ட் பாக்ஸில் அது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் விசை, இரண்டு அர்த்தம் வைத்தால் விபத்துதான். அலுவலகப் பயனர்கள், விண்டோஸிலேயே வளர்ந்தவர்கள் என்றால் என்டர் ஓகேவாகவே இருக்கட்டும். யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, பொது விதி கிடையாது.

டேப் வரிசையையும் கட்டங்களை எல்லாம் வைத்து முடித்தபின் ஒருமுறை சரிசெய்யுங்கள். நடுவில் செருகிய கட்டம் எப்போதும் வரிசையில் கடைசியாகப் போய் நிற்கும். லேபிளின் டேப் வரிசை எண் அதன் கட்டத்தின் எண்ணுக்கு நேர் முந்தையதாக இருக்க வேண்டும். ஆல்ட் குறுக்குவிசை லேபிளிலிருந்து கட்டத்துக்குத் தாவுவது அந்த வரிசையை வைத்துத்தான், திரைவாசிப்பான் கட்டத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான். லேபிள்கள் தமிழில் என்றால் குறுக்குவிசைக்குத் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஜப்பானிய, சீன மென்பொருள்களில் செய்வதுபோல, லேபிளின் முடிவில் அடைப்புக்குள் ஒரு ஆங்கில எழுத்தைச் சேர்த்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

லேபிள்கள் இடிப்பதற்கு வருகிறேன். விண்டோஸின் அடிப்படை அளவு 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 புள்ளி. கடைக்காரரின் லேப்டாப்பில் 125 அல்லது 150 சதவீதமாக வைத்திருப்பார்கள், அதாவது 120 அல்லது 144. நீங்கள் ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் கணக்கில் இழுத்து வைத்திருக்கிறீர்கள். எழுத்து பெரிதாகிறது, அதற்கு ஒதுக்கிய இடம் அதே விகிதத்தில் பெரிதாவதில்லை. இதில் வேடிக்கை, விண்டோஸை நேரடியாக அழைத்து எழுதிய பழைய வின்32 டயலாக்குகளில் இந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. அங்கே அளவே பிக்சலில் இல்லை. அகலத்துக்குச் சராசரி எழுத்தகலத்தில் நான்கில் ஒரு பங்கு, உயரத்துக்கு எழுத்துயரத்தில் எட்டில் ஒரு பங்கு என டயலாக் அலகுகள் என்று வைத்திருந்தார்கள். எழுத்து வளர்ந்தால் பெட்டியும் கூடவே வளரும்.

வின்ஃபார்ம்ஸில் அதற்கு ஈடு ஆட்டோ ஸ்கேல் மோடு. அது ஃபான்ட் என்று இருக்கட்டும். டிசைனர் கோப்பில் ஆட்டோ ஸ்கேல் டைமன்ஷன்ஸ் என்று 6, 13 என்ற எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், 8.25 அளவு மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃபின் கணக்கு அது. டாட்நெட் கோர் 3.0 முதல் இயல்பான எழுத்துரு 9 அளவு சீகோ யுஐ ஆகிவிட்டதால் புதிய திட்டங்களில் 7, 15 என்று இருக்கும். பழைய படிவத்தைப் புதிய டாட்நெட்டுக்குக் கொண்டுவரும்போது எல்லாம் கொஞ்சம் வீங்கித் தெரிவது இதனால்தான். இந்த எண்களைக் கையால் மாற்றாதீர்கள்.

அதைவிட முக்கியம், கட்டங்களை டேபிள் லேஅவுட் பேனலுக்குள் வைப்பது. இரண்டு நெடுவரிசை: லேபிளுக்கு ஆட்டோ சைஸ், கட்டத்துக்கு 100 சதவீதம். வரிசைகள் எல்லாம் ஆட்டோ சைஸ். கட்டங்களுக்கு ஆங்கர் இடமும் வலமும். அப்புறம் "ஃபோன்" என்பதை "தொலைபேசி எண்" என்று மாற்றினாலும், எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்கினாலும் எதுவும் இடிக்காது. தமிழ் லேபிள்கள் ஆங்கிலத்தைவிட நீளம், உயரமும் கூடுதல். ஆங்கிலத்தில் அளந்து வைத்த 13 பிக்சல் லேபிளில் உகரக் குறிகளின் வால் வெட்டுப்படும்.

சேமி பட்டன் வெட்டுப்படுவது வேறு கணக்கு. 1366×768 திரையில் விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் 40 போனால் மிச்சம் 728. உங்கள் 23 வரிசை, வரிசைக்கு 30 என்றால் 690. தலைப்புப் பட்டைக்கு 30, பட்டன் வரிசைக்கு 45 சேர்த்தால் 765. 100 சதவீதத்திலேயே இடம் இல்லை. ஜிஎஸ்டியிலிருந்து வரும் மூன்றும், ஒன்றாகிவிட்ட பெயரும் போனால் 19 வரிசை, 645-இல் அடங்கிவிடும். இருந்தாலும் 125 சதவீதத்தில் மறுபடி மிஞ்சும். அதனால் அரிதாகத் தொடும் கட்டங்களை, டெலிவரி முகவரி, வங்கி விவரம் போன்றவற்றை, பெட்டிக்குள்ளேயே இன்னொரு டேபுக்கு (தாவல் பக்கத்துக்கு) தள்ளுங்கள். டேபில் ஒரு தொல்லை: மறைந்திருக்கும் டேபில் தவறு இருந்தால் சிவப்புக் குறி யார் கண்ணிலும் படாது. கர்சரை அனுப்பும் முன் அந்த டேபைத் திறக்க வேண்டும். பட்டன்களை மட்டும் டேபுக்கு வெளியே, அடியில் டாக் செய்த தனிப் பேனலில் வையுங்கள். எந்தத் திரையிலும் அவை தெரியும்.

இரண்டு கட்டுப்பாடுகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. கடன் வரம்புக்கு நியூமெரிக் அப்டவுன் வைத்திருக்கிறீர்கள். கர்சர் அதில் இருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் மதிப்பு மாறிவிடும், பயனருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பணத்துக்கு நான் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ்தான் வைப்பேன். தேதிக்கு டேட் டைம் பிக்கர் சரி, ஆனால் அதற்குக் காலி மதிப்பு கிடையாது. பிறந்த தேதி தெரியாதவருக்கு இன்றைய தேதி பதிவாகிவிடும். ஷோ செக் பாக்ஸை இயக்கி, டிக் இல்லையென்றால் காலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வடிவத்தையும் நாள், மாதம், வருடம் என்று நீங்களே குறித்துவிடுங்கள். புது லேப்டாப் அமெரிக்க அமைப்போடு வந்தால் 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும்.

பட்டன் பெயர்களில் ஓகே என்பதைவிடச் சேமி என்ற வினைச்சொல் தெளிவு. சொல் சின்னது என்று அலட்சியம் வேண்டாம். ஆப்பிளின் லிசா கணினியில் முதலில் அந்தப் பட்டனுக்கு "டூ இட்" (Do It) என்று பெயர் வைத்திருந்தார்களாம். சோதனைக்கு வந்த ஒருவர் எழுத்துருவில் இடைவெளி தெரியாமல் அதை "டோல்ட்" (dolt) என்று படித்து, மடையன் என்று என்னைத் திட்டுகிறதே என்று கோபித்துக்கொண்டாராம். அதன் பிறகுதான் ஓகே வந்தது என்பது அங்கு வேலை பார்த்தவர்கள் சொல்லிய கதை. வரிசையில், விண்டோஸில் ஓகே இடம், ரத்து வலம். மேக்கில் முக்கியப் பட்டன் வலக் கோடியில். நீங்கள் விண்டோஸுக்கு மட்டும் எழுதுவதால் யோசிக்க ஒன்றுமில்லை.

டபிள்யூபிஎஃப்புக்கு மாறலாமா என்றால், இந்தக் காரணங்களுக்காக வேண்டாம். அங்கே அளவுகள் பிக்சலைச் சாராதவை என்பதால் மூன்றாவது சிக்கல் பெரும்பாலும் தானாகப் போகும், அது உண்மை. ஆனால் அங்கேயும் மூலப் பொருளையே பிணைத்தால் ரத்து பட்டன் இதே பொய்யைச் சொல்லும். என்டர் பிரச்சினையும் கூடவே வரும். முதலில் நகல் எடுக்கும் வேலையையும் ஆட்டோ வேலிடேட்டையும் செய்து கடைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், அது ஒரு மாலைப் பொழுது வேலை. டேபிள் லேஅவுட்டுக்கு மாற்றுவது இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதைச் செய்யும்போது உங்கள் கணினியை 150 சதவீதத்தில் வைத்து நிரலை ஓட்டிப் பாருங்கள், ஆனால் டிசைனரை மட்டும் 100 சதவீதத்தில் திறங்கள். இல்லையென்றால் டிசைனர் கோப்பில் உள்ள எண்களையெல்லாம் அது சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடும், மறுநாள் எது எங்கே நகர்ந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.